ஆறு நாள், மூணு தீவு, நாலு தடவை செக்-இன்: இதுக்குப் பேரு சுற்றுலாவா?

அந்தமான் போறவங்க கையில ஒரு தாள் இருக்கும். டிராவல்ஸ்காரர் கொடுத்தது. இப்பல்லாம் வாட்ஸப்புல வருது, அவ்வளவுதான் வித்தியாசம். எந்த ஊரு டிராவல்ஸா இருந்தாலும், தாள் மட்டும் ஒரே அச்சு. போர்ட் பிளேர்ல ஒரு ராத்திரி, ஹேவ்லாக்ல ரெண்டு, நீல் தீவுல ஒண்ணு, திரும்ப போர்ட் பிளேர்ல ஒண்ணு. அஞ்சு ராத்திரி, ஆறு பகல். கீழே கொட்டை எழுத்துல "மூன்று தீவுகள்!" அப்படின்னு ஒரு ஆச்சரியக்குறி வேற.

(பேரு விஷயத்தை முதல்லயே முடிச்சிடறேன். 2018 டிசம்பர்லேர்ந்து ஹேவ்லாக் வந்து ஸ்வராஜ் த்வீப், நீல் வந்து ஷாஹீத் த்வீப். 2024 செப்டம்பர்லேர்ந்து போர்ட் பிளேர் வந்து ஸ்ரீ விஜயபுரம். ஆனா டிராவல்ஸ் தாள்ல பழைய பேர் தான் பெரும்பாலும் இருக்கு, ஜனங்க வாயிலயும் அதான் வருது. நானும் அதையே வச்சுக்கறேன், தேசபக்தர்கள் மன்னிக்கவும்.)

அந்தத் தாளை எடுத்து வச்சுக்கிட்டு ஒரே ஒரு கணக்கு போடுங்க. காலையில எந்தக் கட்டில்ல எழுந்தோமோ அதே கட்டில்ல ராத்திரி படுக்கற நாள் எத்தனை? முதல் நாள் விமானம். ரெண்டாவது நாள் ஹேவ்லாக்குக்கு ஃபெர்ரி. நாலாவது நாள் நீலுக்கு ஃபெர்ரி. அஞ்சாவது நாள் போர்ட் பிளேருக்கு ஃபெர்ரி. ஆறாவது நாள் விமானம். மிச்சம் என்ன? மூணாவது நாள். ஒண்ணே ஒண்ணு! ஆறு நாள் லீவு போட்டு, ஆயிரத்து நூறு கிலோமீட்டருக்கு மேல கடல் தாண்டிப் போய், பெட்டி கட்டாம இருந்த நாள் ஒண்ணு. இதுக்குப் பேரு சுற்றுலாவா, இல்ல இடமாற்ற உத்தரவா?

இதைச் சொன்னா உடனே ஒரு கூட்டம் கிளம்பி வரும். "தீவுன்னா நாலு இடம் பிரிச்சுத் தங்கினா தான் சார் அனுபவம், ஒரே ஹோட்டல்ல உக்காந்திருக்கவா காசு கொடுத்துப் போறோம்?" சரிங்க. நானும் பிரிச்சுத் தங்கறதுக்கு எதிரி இல்லை. எதுக்காகப் பிரிக்கிறோம்னு கேக்கறேன், அது தப்பா? ஒரு இடத்துல ராத்திரி தங்கறதுக்கு ஒரே நியாயம் தான் இருக்க முடியும். பகல்ல போய்ட்டு வந்தா கிடைக்காதது ஏதாவது அங்கே தங்கினா கிடைக்கணும். அது இல்லைன்னா அந்த ராத்திரி ஹோட்டல்காரருக்கு நீங்க எழுதிக் கொடுத்த மொய்.

இந்த அளவுகோலை வச்சு ஹேவ்லாக்கைப் பாருங்க. ராதாநகர் கடற்கரை தீவோட மேற்குப் பக்கம் இருக்கு. அதாவது சூரியன் கடல்ல இறங்கறதை அங்கே பார்க்கலாம். சென்னைக்காரனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு சொல்லணுமா? நம்ம மெரினாவுல சூரியன் பின்னாடி கட்டடத்துல தானே விழுது. 2004-ல டைம் பத்திரிகை ஆசியாவோட சிறந்த கடற்கரைன்னு சொன்ன இடம் இது. போர்ட் பிளேர்லேர்ந்து காலை ஃபெர்ரியில போய்ட்டு அதே நாள் திரும்பறவங்க நடு மத்தியானம் மண்டையைப் பிளக்கற வெயில்ல ராதாநகரைப் பார்த்துட்டு, சாயங்காலம் ஆகறதுக்குள்ள ஜெட்டிக்கு ஓடணும். அதுக்கு ராதாநகரை காலண்டர்லயே பார்த்துக்கலாம். அதனால "ஒரே ஹோட்டல், போர்ட் பிளேரே போதும், மத்ததெல்லாம் பகல்ல போய்ட்டு வந்துடலாம்"னு சொல்ற சிக்கன சிகாமணிகள் கட்சியிலயும் நான் இல்லை. ஹேவ்லாக்ல தங்கியே ஆகணும். ஒரு ராத்திரி இல்லை, மூணு.

ஏன் மூணு? அந்தமான்ல வெளிச்சம் ரொம்பக் குறைச்சலா இருக்கிற மாதிரி தோணும். நாம ஓட்டறது இந்திய நேரம், ஆனா அந்த ஊரு கிடக்கறது சென்னைக்குக் கிழக்கே பன்னிரண்டு டிகிரி தள்ளி. அதனால சூரியன் நம்மூரை விட முக்கா மணி நேரம் முன்னாடியே வேலையை முடிச்சுட்டுப் போயிடும். டிசம்பர்ல அஞ்சு மணி வாக்குல அஸ்தமனம், அஞ்சரைக்கு இருட்டு. காலையில அதே மாதிரி சீக்கிரம் விடியும், கோடையில அஞ்சு மணிக்கெல்லாம் பளபளன்னு இருக்கும். லீவுக்குப் போறவன் எத்தனை பேர் அஞ்சு மணிக்கு எழுந்திருக்கான்? ஆக, ஃபெர்ரி பிடிச்சு, ஜெட்டியில இறங்கி, வண்டி பிடிச்சு, ரூம் சாவி வாங்கி, சாப்பிட்டு நிமிர்ந்தா மணி ரெண்டு. உங்க கையில மிச்சம் மூணு மணி நேரம். அதைப் போய் தாள்ல "ஒரு நாள்"னு எழுதியிருக்கான் பாருங்க, அங்கே தான் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

ஃபெர்ரி ஒண்ணரை மணி நேரம் தானேன்னு சொல்வாங்க. கடல்ல ஒண்ணரை மணி நேரம் தான். தனியார் ஃபெர்ரி அப்படி, அரசாங்கக் கப்பல்னா ரெண்டு, ரெண்டரை. ஆனா ஒரு மணி நேரம் முன்னாடி ஜெட்டியில இருக்கச் சொல்றாங்க. பெட்டியை மெஷின்ல விடணும், அடையாள அட்டை காட்டணும், வரிசையில நிக்கணும். அதுக்கு முன்னாடி ரூமைக் காலி பண்ணணும். அங்கே பல ஹோட்டல்ல காலையில எட்டு, ஒன்பதுக்கே காலி பண்ணச் சொல்லிடறாங்க. அடுத்த தீவுல ரூம் தயாராகற வரைக்கும் வரவேற்பறையில ஒரு இளநியைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும். கூட்டிக் கழிச்சுப் பாருங்க, ஒரு தடவை தீவு மாறினா அரை நாள் காலி. குழந்தை இருந்தா முக்கா நாள்.

வயசானவங்க இருந்தா இன்னும் மோசம். என் மாமனாருக்கு எழுபது தாண்டிடுச்சு, முழங்கால் வலி. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவரோட ஓய்வூதிய சிநேகிதர்கள் நாலு குடும்பமா இதே தாளைப் பிடிச்சுக்கிட்டுப் போனாங்க. எந்த டிராவல்ஸ்னு கேக்காதீங்க, அதைச் சொல்றதுக்காக இந்தப் பதிவு இல்லை. திரும்பி வந்தவரைக் கேட்டேன், எப்படி மாமா இருந்துச்சுன்னு. "கடல் நல்லாத்தான் இருந்துச்சு மாப்ள. ஆனா எந்தக் கடல் எந்த ஊருதுன்னு தான் குழம்புது"ன்னார். அத்தைகிட்ட கேட்டா அவங்க பெட்டியை எத்தனை தடவை திறந்து மூடினாங்கன்னு துல்லியமா சொல்றாங்க. எட்டு. மாத்திரை டப்பா ஒரு ஹோட்டல்ல தங்கிப் போச்சு. ரெண்டு பேரும் வாழ்க்கையில முதல் தடவையா விமானம் ஏறினது அதுக்குத்தான். வருஷக்கணக்கா சேர்த்த காசு. இன்னொரு தடவை போக உடம்பு இடம் கொடுக்குமா தெரியாது. அந்த ஆறு நாள்ல அவர் அதிக நேரம் உக்காந்திருந்தது ஜெட்டியில இருக்கிற பிளாஸ்டிக் நாற்காலியில.

அதனால தான் கோவம். பணம் இருக்கிறவன் மறுபடி போவான். எல்.டி.சி.யில போற அரசு ஊழியரோ, பசங்க அனுப்பி வச்ச அப்பா அம்மாவோ ஒரு தடவை தான் போவாங்க. அவங்ககிட்ட தான் இந்தத் தாளை அதிகமா நீட்டறாங்க.

சரி, டிராவல்ஸ்காரங்க ஏன் இப்படியே போடறாங்க? "மூணு தீவு"ன்னு போட்டா விக்குது, "ரெண்டு தீவு"ன்னு போட்டா பக்கத்துக் கடைக்காரன் மூணு கொடுக்கறானேன்னு கேப்போம். அது நம்ம தப்பு. ஆனா எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. ஒரு ராத்திரி தங்கறவன் சண்டை போட மாட்டான். குழாய்ல தண்ணி வரலையா, ஏ.சி. ஓடலையா, படுக்கை ஈரமா இருக்கா, "விடு, ஒரு ராத்திரி தானே, காலையில கிளம்பறோம்"னு படுத்துடுவான். மூணு ராத்திரி தங்கறவன் தான் வரவேற்பறைக்குப் போய் நிப்பான். மட்டமான ரூமை விக்கணும்னா ஒத்தை ராத்திரியா வித்தா தான் விக்க முடியும். யோசிச்சுப் பாருங்க.

நீல் தீவுக்கு வருவோம். நீல் அழகில்லைன்னு நான் சொன்னேனா? சத்தியமா இல்லை. சின்னத் தீவு தான், சைக்கிள்லயே சுத்திடலாம். காய்கறித் தோட்டமும் வாழையும், ஹேவ்லாக்ல கால்வாசி சத்தம் கூட இல்லாத ஊரு. கிழக்கே சீதாபூர்ல சூரியோதயம், மேற்கே லட்சுமண்பூர்ல அஸ்தமனம், ரெண்டுக்கும் நடுவுல ஒரு தூக்கம் போட்டுட்டுப் போய்ச் சேரலாம். ஆனா அந்தத் தீவோட முக்கியமான விஷயம் பாறைப் பாலம். ஹௌரா பாலம்னு சொல்லுவாங்க, இயற்கையா அமைஞ்ச வளைவு. அதைச் சுத்தி இருக்கிற பாறைக் குழிகள்ல தேங்கின தண்ணியில கடல் வெள்ளரி, நண்டு, குட்டி குட்டி மீன்னு ஒரு உலகமே கிடக்கும். ஆனா அது எப்போ தெரியும்? கடல் வத்தற நேரத்துல மட்டும். ஏத்தத்துல போனா பாறையும் இல்லை, குழியும் இல்லை, தண்ணி தான்.

இந்த வத்தமும் ஏத்தமும் கடிகாரத்தைப் பார்த்து வர்றதில்லை. நிலாவைப் பார்த்து வருது. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை வத்தும், தினமும் கிட்டத்தட்ட அம்பது நிமிஷம் தள்ளித் தள்ளிப் போகும். நம்ம மீனவருங்களைக் கேட்டா பஞ்சாங்கம் பார்க்காமலே சொல்வாங்க. இப்போ தாளைப் பாருங்க: மத்தியானம் நீல் வர்றீங்க, அடுத்த நாள் ஃபெர்ரியில கிளம்பறீங்க. அந்த இடைவெளியில பகல் வெளிச்சத்துல கடல் வத்தணும், வத்தற நேரத்துல நீங்க சாப்பாட்டுல இருக்கக் கூடாது, ரூமுக்குக் காத்திருக்கக் கூடாது. சில தேதியில பொருந்தும், சில தேதியில பொருந்தவே பொருந்தாது. தேதி வாரியா ஓத அட்டவணை இணையத்துல இலவசமாக் கிடைக்குது. தாள் அடிக்கறவங்க எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்திருப்பாங்க? ஜனவரிக்கும் மார்ச்சுக்கும், பௌர்ணமிக்கும் அஷ்டமிக்கும் ஒரே தாள்.

அதனால என் தீர்ப்பு: நீலுக்கு ரெண்டு ராத்திரி கொடுங்க, இல்லைன்னா விட்டுடுங்க. ரெண்டு ராத்திரி இருந்தா நடுவுல ஒரு முழு நாள் கிடைக்கும், கடல் எப்போ வத்தினாலும் பிடிச்சுடலாம். "ஹேவ்லாக்லேர்ந்து திரும்பற வழியில தானே இருக்கு, எறங்கிட்டுப் போனா என்ன?"ன்னு ஒருத்தர் கேட்டார். விழுப்புரம் கூட திருச்சிக்குப் போற வழியில தான் இருக்கு, எறங்கி ரூம் போடறோமா? போதாக்குறைக்கு நீலைச் சேர்த்தா ஃபெர்ரி டிக்கெட் ரெண்டுக்குப் பதிலா மூணு. தனியார் ஃபெர்ரின்னா ஆளுக்கு ஆயிரத்துக்குக் குறைஞ்சு எதிர்பார்க்காதீங்க. நாலு பேர் குடும்பத்துக்கு அந்தக் காசுல ஹேவ்லாக்ல ஒரு நல்ல ரூமா மாத்திக்கலாம்.

ஹேவ்லாக்குக்குள்ளயே ரெண்டா பிரிக்கிற மேதாவிகளும் இருக்காங்க. ரெண்டு ராத்திரி கிழக்குப் பக்கம் விஜயநகர்ல, ரெண்டு ராத்திரி மேற்குப் பக்கம் ராதாநகர்ல. ஏன்யா? ஜெட்டியிலேர்ந்து ராதாநகருக்கு ரோடு பன்னிரண்டு கிலோமீட்டர். அரை மணி நேரம். தாம்பரத்துல இருக்கிறவன் பெசன்ட் நகர் பீச் பார்க்க அடையாறுல ரூம் போடறானா? கிழக்குப் பக்கம் தான் ஹோட்டல் அதிகம், எல்லா பட்ஜெட்டுக்கும் இருக்கு, டைவிங் கடைங்களும் அங்கே தான். ஒரு ஸ்கூட்டரை வாடகைக்கு எடுங்க, இல்லை ஆட்டோ பேசுங்க, சாயங்காலம் ராதாநகர் போய்ட்டு வாங்க. மூணு ராத்திரி தங்கினா மூணு அஸ்தமனம். முதல் நாள் மேகம் மூடினா அடுத்த நாள் இருக்கு. ரெண்டு ராத்திரிக்காரனுக்கு மேகம் மூடினா பாதி போச்சு.

இப்போ போர்ட் பிளேர். தாள்ல இருக்கிறதுலயே பெரிய அபத்தம் இது தான். முதல்ல ஒரு ராத்திரி, கடைசியில ஒரு ராத்திரின்னு ஒரே ஊரை ரெண்டாப் பிளந்து வைக்கறது. சென்னையிலேர்ந்து விமானம் ரெண்டேகால் மணி நேரம். காலை விமானம்னா வெயில் ஏர்றதுக்குள்ள இறங்கிடலாம். மத்தியான ஃபெர்ரியைப் பிடிச்சா நேரா ஹேவ்லாக். போர்ட் பிளேர் ராத்திரி ரெண்டையும் கடைசியில சேர்த்து வைங்க. கணக்கைத் திரும்பப் போடுங்க: ஹேவ்லாக்ல மூணு, போர்ட் பிளேர்ல ரெண்டு. அதே அஞ்சு ராத்திரி. ஹோட்டல் ரெண்டு, ஃபெர்ரி ரெண்டு, பெட்டி கட்டாத நாள் மூணு. ஒண்ணு எங்கே, மூணு எங்கே!

"விமானம் லேட் ஆனா ஃபெர்ரி போயிடுமே?" நியாயமான கேள்வி. அதனால நடுவுல குறைஞ்சது மூணு, நாலு மணி நேரம் விட்டு புக் பண்ணுங்க. உங்க விமானமே மத்தியானம் தான்னா வம்பே வேண்டாம், முதல் ராத்திரி போர்ட் பிளேர்ல இருந்து செல்லுலார் சிறையைப் பார்த்துடுங்க. அப்பவும் ஹேவ்லாக் மூணு, கடைசியில போர்ட் பிளேர் ஒண்ணு. நீலை வெட்டினாலே ரெண்டு முழு நாள் தேறும்.

ஆனா ஒண்ணு, கடைசி ராத்திரியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வெளித் தீவுல வைக்காதீங்க. "காலை ஃபெர்ரியில வந்து மத்தியான விமானம் பிடிச்சுடலாம் சார்"னு சொல்றவன் உங்க எதிரி. கடல் கொந்தளிச்சா ஃபெர்ரி கிடையாது, கேள்வியே கிடையாது. 2016 டிசம்பர் ஞாபகம் இருக்கா? சென்னையில மரத்தையெல்லாம் சாய்ச்ச வர்தா புயல், அதுக்கு முன்னாடி வாரம் அந்தமான் பக்கம் தாழ்வு மண்டலமா நின்னப்போ ஹேவ்லாக்லயும் நீல்லயும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் நாள் கணக்குல மாட்டிக்கிட்டாங்க. கடற்படையும் கடலோரக் காவல் படையும் போய்த்தான் கூட்டிக்கிட்டு வர வேண்டியிருந்துச்சு. அதோட ஸ்கூபா டைவிங் பண்றவங்களுக்கு இன்னொரு காரணம். தண்ணிக்கடியில அழுத்தத்துல ரத்தத்துல கரைஞ்ச நைட்ரஜன் வெளியேற நேரம் வேணும், அதனால டைவிங் முடிஞ்சு பன்னிரண்டு மணி நேரத்துக்குள்ள விமானம் ஏறக் கூடாது, ஒண்ணுக்கு மேல முங்கியிருந்தா பதினெட்டு மணி நேரம். கடைசி ராத்திரி போர்ட் பிளேர்ல தங்கறதுக்கு உங்க உடம்பே சிபாரிசு பண்ணுது.

அங்கே ரெண்டு ராத்திரி என்ன பண்றதுன்னு கேக்கறவங்களுக்கு: ஏழு கையோட கட்டின சிறையில இப்போ மிச்சம் மூணு கை தான். அதை ஒளி-ஒலிக் காட்சிக்கு முன்னாடி பத்து நிமிஷத்துல ஓடி ஓடிப் பார்க்காம, பகல்ல போய் அந்த அறையில ஒண்ணுல சும்மா நில்லுங்க. அபர்தீன் பஜார்ல நடங்க, தமிழ் காதுல விழும். சிடியா டாப்புல அஸ்தமனம். போதும்.

அந்த முழு நாள் காலியா இருக்குன்னு தெரிஞ்சதும் டிராவல்ஸ்காரர் ஒண்ணு சொல்வார், "பாராடாங் போட்டுடலாமா சார்?" ராத்திரி மூணு மணிக்கு எழுப்பி, ஜிர்காடாங் சோதனைச் சாவடியில வரிசையில நிறுத்தி, போலீஸ் துணையோட ஜாரவா காட்டுக்குள்ள கூட்டிக்கிட்டுப் போவாங்க. சுண்ணாம்புக் குகை, சேறு கக்கற எரிமலைன்னு பேரு. வண்டியில பாதிப் பேர் எதைப் பார்க்கக் கண்ணாடியில மூக்கை ஒட்டிக்கிட்டு வர்றாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அந்தக் காட்டுக்குள்ள போற ரோட்டை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002-லயே உத்தரவு போட்டது, ரோடு இன்னும் ஓடிக்கிட்டு தான் இருக்கு. 2012-ல ஜாரவா பெண்களை ஆட வச்சு எடுத்த வீடியோ வெளியாகி உலகமே காறித் துப்புச்சு. அவங்க வீட்டுக்குள்ள நாம வண்டி விடறோம், கேட்டா சுற்றுலா. எனக்கு அந்தக் குகை வேண்டாம். உங்களுக்கு அவ்வளவு ஆசைன்னா போங்க, ஆனா அந்த நாள்ல தூக்கமும் போய், அடுத்த நாள் விமானத்துல கழுத்து வலியோட வருவீங்க.

கடைசியா ஒரு ஆட்சேபணை, இது நம்ம வீட்டுக்குள்ளேர்ந்தே வரும். "ஒரே எடத்துல மூணு நாள் இருந்தா பசங்களுக்கு போரடிக்காதா?" பசங்களுக்கா? கடற்கரையில கூட்டிக்கிட்டுப் போய் விட்ட ஒரு பசங்களாவது "அப்பா போரடிக்குது, வேற தீவுக்குப் போலாம்"னு சொல்லியிருக்காங்களா? இருட்டினதுக்கப்புறமும் தரதரன்னு இழுத்துக்கிட்டு வர வேண்டியிருக்கும். ரெண்டாவது நாள் தான் அவங்களுக்கு அந்த இடமே பழகும், எந்தப் பாறைக்கடியில நண்டு இருக்குன்னு தெரியும், மூணாவது நாள் அதுக்குப் பேர் வச்சிருப்பாங்க. போரடிக்கறது நமக்கு தான். சும்மா உக்காரத் தெரியாம, கொடுத்த காசுக்கு இன்னும் ஒரு இடம், இன்னும் ஒரு இடம்னு கை அரிக்குது. பழியைப் பசங்க மேல போடறோம்.

திக்லிபூர் வரைக்கும் ரோட்டுல போய், நாலு நாள் தங்கி, ராஸ்-ஸ்மித் தீவுங்களுக்கு நடுவுல இருக்கிற மணல் திட்டுல நடந்தவங்க யாராவது இதைப் படிச்சா எழுதுங்க. பத்து மணி நேரத்துக்கு மேல ரோடுன்னு சொல்றாங்க. அது எத்தனை ராத்திரிக்குத் தகும்னு உங்க கணக்கையும் பார்க்கணும்.